உறைக்குள் போன பாட்டு

நம்மூரில் பாட்டுப் போட்டி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது தருமிதான். பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்க்கிற பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. வறுமையில் கிடக்கிற தருமி தான் எழுதாத ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு சபைக்குப் போகிறான். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடிய கதை இது. 1965இல் ஏ.பி. நாகராஜன் படம் எடுத்த பிறகு தருமிக்கு நாகேஷின் முகம் வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த மண்டபத்துப் புலம்பலை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கதையில் சிரிப்புக்கு அப்பால் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. பரிசு அறிவித்த அரசனுக்கு அந்தப் பாட்டால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. சபையில் உட்கார்ந்திருக்கிற நடுவருக்குத் தன் கருத்தின் மேல் பிடிவாதம் இருக்கிறது. கொண்டுவந்த பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது குழப்பமாக இருக்கிறது.

கொஞ்ச காலமாக நான் தேசிய கீதப் போட்டிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பித்து என்றே சொல்லலாம். ஒரு நாட்டுக்குப் பாட்டு வேண்டும் என்று அறிவிப்பு வருகிறது. இத்தனை தேதிக்குள் அனுப்ப வேண்டும், பரிசு இவ்வளவு. எங்கோ ஓர் ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு பேண்டு வாத்தியக்காரர், வேலையில்லாத ஒருவர் உட்கார்ந்து எழுதி, உறையிலிட்டு, தபாலில் சேர்க்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் பித்துக்குக் காரணம். எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் தருமி கதையின் அந்த மூன்று சங்கதிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்தியர்களுக்கு இந்த அனுபவம் இல்லை. தாகூரின் பாட்டு 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்டது. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத் எழுந்து அதுதான் தேசிய கீதம் என்று அறிவித்தார். அவ்வளவுதான். போட்டியும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. நம் தமிழ்த்தாய் வாழ்த்தும் அப்படித்தான். 1891இல் வெளியான மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரத்தில் சுந்தரம் பிள்ளை எழுதிய வாழ்த்து அது. 1970இல் தமிழக அரசு அதை எடுத்துக்கொண்டது, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். இரண்டுமே ஏற்கெனவே இருந்த பாட்டுகள். அதனால் நாட்டுக்காகவென்றே போட்டி வைத்துப் பாட்டு எழுத வைப்பது என்றால் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. மற்றவர்கள் கதையைப் பார்ப்போம்.

1

மெக்சிகோவிலிருந்து தொடங்கலாம். 1853இல் சாந்தா அன்னா மறுபடி ஆட்சிக்கு வந்தார். பல முறை பதவியேறி, பல முறை துரத்தப்பட்ட மனிதர். டெக்சாஸ் கைவிட்டுப் போனதிலும், அமெரிக்காவுடனான போரில் பாதித் தேசத்தை இழந்ததிலும் அவர் பெயர் கலந்திருக்கிறது. இந்த முறை சர்வாதிகாரியாக வந்தவருக்கு ஒரு தேசிய கீதம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் போட்டி அறிவிப்பு வெளியானது.

பிரான்சிஸ்கோ கோன்சாலஸ் போகனேக்ரா என்ற கவிஞருக்குப் போட்டியில் கலந்துகொள்ள இஷ்டமில்லை. நான் எழுதுவது காதல் கவிதை, இதெல்லாம் எனக்கு வராது என்று ஒதுங்கினார். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த குவாதலூப் என்ற பெண் விடவில்லை. அவரை ஓர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பாட்டை எழுதிக் கதவிடுக்கு வழியாகத் தள்ளினால்தான் திறப்பேன் என்றாளாம். சில மணி நேரத்தில் பத்துச் சரணங்கள் வெளியே வந்தன என்பது மெக்சிகோவில் பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. எவ்வளவு உண்மையோ, எவ்வளவு ஜோடனையோ. பாட்டு ஜெயித்தது, அது உண்மை.

வார்த்தை கிடைத்துவிட்டது. மெட்டு வேண்டாமா? அதற்குத் தனிப் போட்டி. ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற டபுள் பாஸ் கலைஞர் பொத்தேசினி அப்போது மெக்சிகோவில் இருந்தார். அவர் மெட்டு முதலில் வந்தது, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி போட்டி நடத்தினார்கள். ஹைமே நூனோ என்ற கத்தலான் பேண்டு மாஸ்டர் ஜெயித்தார். 1854 செப்டம்பரில் பாட்டு அரங்கேறியது.

அடுத்த ஆண்டே சாந்தா அன்னா நாட்டை விட்டு ஓடினார். அவர் காலத்துப் பாட்டு என்பதால் அதற்கும் மவுசு போனது. போகனேக்ரா 1861இல் டைபஸ் காய்ச்சலில் இறந்தார், வயது 37. நூனோ அமெரிக்காவுக்குப் போய்விட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, 1901இல், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் சங்கீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கிழவர்தான் தங்கள் கீதத்தின் இசையமைப்பாளர் என்று மெக்சிகோக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

1943இல்தான் அந்தப் பாட்டு சட்டப்படி தேசிய கீதமானது. பத்துச் சரணங்களில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விட்டுப்போன ஆறில் ஒன்று சாந்தா அன்னாவைப் புகழ்கிற சரணம். போட்டி வைத்தவன் தன் புகழுக்காக வைத்தான். நாடு அவனைக் கத்தரித்துவிட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த கத்தரிப்பு இது.

2

ஆஸ்திரேலியாவின் கதை நீளமானது. அடிலெய்டுக்கு வடக்கே காலர் என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்த கலாசாலை 1859இல் தன் ஆண்டு விழாவுக்காக ஒரு பாட்டுப் போட்டி வைத்தது. 96 பேர் எழுதி அனுப்பினார்கள். கரோலின் கார்ல்ட்டன் என்ற பெண்மணி ஜெயித்தார். கார்ல் லிங்கர் என்ற ஜெர்மானியர் இசையமைத்தார். தோற்றவர்கள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதித் திட்டினார்கள். இந்த ஒரு வழக்கம் மட்டும் உலகம் முழுக்க ஒன்றுதான். 'ஆஸ்திரேலியாவின் பாட்டு' என்ற அந்தப் பாட்டைத் தெற்கு ஆஸ்திரேலியாவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாடினார்கள்.

1878இல் சிட்னியில் பீட்டர் டாட்ஸ் மக்கார்மிக் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பள்ளி ஆசிரியர் வேறொரு பாட்டு எழுதினார். பல நாட்டு கீதங்களும் பாடப்பட்ட ஒரு கச்சேரிக்குப் போயிருந்தார். ஆஸ்திரேலியாவுக்கென்று ஒன்று இல்லையே என்ற ஏக்கத்தில் வீடு திரும்பும் வழியிலேயே பாட்டு உருவாகத் தொடங்கியதாம். யாரும் கேட்காமல் எழுதிய பாட்டு. 1907இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அவருக்கு 100 பவுண்டு கொடுத்தது. 1916இல் அவர் காலமானார்.

1973இல் பிரதமர் விட்லமின் அரசு, இனி பிரிட்டிஷ் ராணியைக் காப்பாற்றச் சொல்லிப் பாட வேண்டாம், நமக்கென்று புதுப் பாட்டு வேண்டும் என்று தேசம் முழுக்கப் போட்டி அறிவித்தது. 1,400க்கும் மேல் பாடல்கள் வந்தன. ஒவ்வொன்றையும் படித்த நடுவர்கள் ஒன்றுகூடத் தேறாது என்றார்கள். புதியதை விட்டுவிடுங்கள், பழைய பாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அரசுக்கு யோசனை சொன்னார்கள். 1974இல் 60,000 பேரிடம் கருத்துக் கேட்டார்கள். 1977இல் நாடு தழுவிய வாக்கெடுப்பும் நடந்தது. மக்கார்மிக்கின் பாட்டுக்கு 43.29 சதவீதம். நாடோடிப் பாட்டான 'வால்ட்சிங் மட்டில்டா'வுக்கு 28.28. காலரில் ஜெயித்த பாட்டுக்குப் பத்துக்கும் குறைவு. 1984 ஏப்ரலில் மக்கார்மிக்கின் பாட்டு அதிகாரபூர்வமானது. அவர் இறந்து 68 ஆண்டு ஆகியிருந்தது.

அந்த 1,400 உறைகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எத்தனை சமையலறை மேஜைகள், எத்தனை இரவுகள். அதில் பாதி வெறும் எதுகை மோனையாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் ஒரு மனிதன் உட்கார்ந்து, என் நாட்டைப் பற்றி நான் என்ன சொல்ல விரும்புகிறேன் என்று யோசிக்கிறானே, அந்த யோசனைக்கு விலை உண்டு. நடுவர் குழு ஒதுக்கியது பாட்டைத்தான். யோசித்ததை யாரும் ஒதுக்க முடியாது.

3

நைஜீரியா 1960இல் சுதந்திரம் பெற்றபோதும் போட்டிதான். ஜெயித்தது லில்லியன் ஜீன் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பாட்டு. அடிமைத்தளை அறுத்த நாடு ஆள வந்தவர்களின் ஊர்க்காரர் எழுதியதைப் பாடுவதா என்று பத்திரிகைகளில் எதிர்ப்பு. அந்தப் பாட்டில் வந்த 'இனக்குழு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் பலருக்குக் கசந்தது. ஆண்டவர்கள் தங்களை அழைத்த சொல்லால் தாங்களே தங்களை அழைத்துக்கொள்வதா? நியாயமான கேள்வி.

1978இல் ராணுவ ஆட்சியில் பாட்டை மாற்றினார்கள். மறுபடி போட்டி. இந்த முறை நடுவர்கள் ஒரு விசித்திரம் செய்தார்கள். ஒருவருக்கு முதல் பரிசு கொடுப்பதற்குப் பதிலாக, நல்லதாகப்பட்ட ஐந்து பாட்டுகளிலிருந்து வரிகளைப் பொறுக்கி ஒன்றாகத் தைத்துவிட்டார்கள். போலீஸ் பேண்டைச் சேர்ந்த பெனடிக்ட் ஒடியாசே இசையமைத்தார். ஐந்து பேர் எழுதிய பாட்டு, ஆனால் யாருடைய பாட்டும் இல்லை. ஐவரில் ஒருவராக என்னை வைத்துப் பார்க்கிறேன். ரேடியோவில் கீதம் ஒலிக்கிறது. இதில் ரெண்டு வரி என்னோடது என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். என் பாட்டு என்று சொல்ல முடியாது.

கதை அதோடு முடியவில்லை. 46 ஆண்டுகள் அந்த ஒட்டுப்பாட்டைப் பாடிய பிறகு, 2024 மே மாதம் அதிபர் டினுபு கையெழுத்திட்ட சட்டத்தால் பழைய ஆங்கிலேயப் பெண்மணியின் பாட்டே திரும்பி வந்தது. அரிசி விலை ஏறிக்கிடக்கிற நேரத்தில் இதுவா முக்கியம் என்று ஊரெல்லாம் கேட்டது. போட்டியில் ஜெயித்து, துரத்தப்பட்டு, மறுபடி வந்து உட்கார்ந்த பாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஸ்பெயினில் நடந்ததோ ஐந்தே நாள் கூத்து. அந்த நாட்டு கீதத்துக்கு மெட்டு உண்டு, வார்த்தை கிடையாது. விளையாட்டு மைதானங்களில் மற்ற நாட்டு வீரர்கள் பாட, ஸ்பெயின்காரர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் முனகுவார்கள். 2007இல் ஸ்பெயின் ஒலிம்பிக் குழு வார்த்தைக்காகப் போட்டி வைத்தது. சுமார் 7,000 பேர் அனுப்பினார்கள். வேலையில்லாமல் இருந்த பாவ்லினோ குபேரோ என்ற 52 வயதுக்காரர் ஜெயித்தார். பிளாசிடோ டொமிங்கோ மேடையில் பாடுவதாக ஏற்பாடு. அதற்குள் 2008 ஜனவரியில் வரிகள் பத்திரிகையில் கசிந்துவிட்டன. முதலடி முழக்கம் ஃபிராங்கோ காலத்தை நினைவூட்டுகிறது என்றார்கள் சிலர். கத்தலான், பாஸ்க் மொழிக்காரர்கள், இது எங்கள் பாட்டே இல்லை என்றார்கள். பிரகடனம் மாதிரி இருக்கிறது, பாட்டு மாதிரி இல்லை என்றார்கள் மற்றவர்கள். ஐந்தே நாளில் பாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இன்றும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

4

மலாயாவின் கதை தமிழர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிகளிலிருந்து நகரத்துத் தமிழ்ப் பள்ளிகள் வரைக்கும் லட்சக்கணக்கான நம் பிள்ளைகள் காலையில் நின்று பாடிய, பாடுகிற கீதம் அது.

1957 ஆகஸ்ட் 31 சுதந்திர நாள். அதற்கு முன்பு உலகம் முழுக்க அறிவித்து ஒரு போட்டி நடந்தது. 514 மெட்டுகள் வந்தன. ஒன்றும் சரிப்படவில்லை. அடுத்து பெரிய மனிதர்களைக் கேட்டார்கள். பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்ட்டன், மெனோட்டி என்று மேற்கத்திய இசையின் பெரிய பெயர்கள். சுமத்ராவில் பிறந்து சிங்கப்பூரில் சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த சுபிர் சைத்தையும் கேட்டார்கள். நாலு பேரும் அனுப்பினார்கள். நாலும் நிராகரிக்கப்பட்டன. பிரிட்டனின் மெட்டைத் திருப்பி அனுப்பக்கூடிய குழு உலகத்தில் எத்தனை இருக்கும்!

கடைசியில் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு, பேராக் மாநில கீதத்தின் மெட்டை எடுத்துக்கொண்டது. வார்த்தைகளைக் குழுவே எழுதியது. அந்த மெட்டு பேராக்குக்கும் சொந்தமில்லை. பேராக் சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர்கள் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தியிருந்தார்கள். அங்கே அவர் கேட்ட ஒரு பிரெஞ்சு மெட்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்குள் அது மலாயா முழுக்க 'தெராங் புலான்' என்ற நிலாப் பாட்டாகப் பரவி, கேளிக்கை விடுதிகளிலும் இசைக் குழுக்களிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருந்த மெட்டு என்பதுதான் அதன் பலம். 514 புது மெட்டுகளுக்கும் அந்தப் பலம் இல்லை.

தோற்ற சுபிர் சைத் என்ன ஆனார்? 1958இல் சிங்கப்பூர் நகராட்சி, விக்டோரியா அரங்கத்தின் மறுதிறப்புக்காக ஒரு பாட்டுக் கேட்டது. 'மஜுலா சிங்கப்பூரா' எழுதினார். 1959 டிசம்பரில் அதுவே சிங்கப்பூரின் மாநில கீதமாயிற்று. பின்பு நாடு தனியானதும் தேசிய கீதமானது. ஒரு நாட்டின் போட்டியில் தோற்ற மனிதர், பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாட்டின் கீதத்தை எழுதினார். பாட்டு எழுதி அனுப்பிவிட்டுத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிற யாருக்கும் நான் சொல்ல விரும்புகிற கதை இதுதான்.

5

இத்தனையையும் கேட்டுவிட்டுப் போட்டி என்பதே வெட்டி வேலை என்று முடிவுகட்ட வேண்டாம். நேபாளத்தில் அது நடந்தேறியது. 2006 ஏப்ரல் மக்கள் எழுச்சியில் மன்னர் ஞானேந்திராவின் நேரடி ஆட்சி வீழ்ந்தது. பழைய கீதம் மன்னரை வாழ்த்துகிற பாட்டு. அதை இனிப் பாட முடியாது. போட்டி அறிவித்தார்கள். 1,272 பாட்டுகள் வந்தன. வியாகுல் மைலா என்ற புனைபெயரில் எழுதும் பிரதீப் குமார் ராய் ஜெயித்தார். கிழக்கு மலைப்பகுதியைச் சேர்ந்த கவிஞர். அம்பர் குருங் இசையமைத்தார். மன்னர் பெயரே இல்லாத, நூற்றுக்கணக்கான பூக்களை ஒரே மாலையாகத் தொடுப்பதைப் பற்றிய அந்தப் பாட்டு 2007 ஆகஸ்ட் 3 அன்று தேசிய கீதமாக அறிவிக்கப்பட்டது.

அங்கும் நக்கீரர்கள் இல்லாமல் இல்லை. கவிஞர் முன்பு ஒரு கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்திருந்தார், அதில் அரச ஆதரவாளர் ஒருவருடைய கவிதையும் இருந்தது என்று கிளப்பினார்கள். நான் மன்னராட்சிக்காரன் இல்லை என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. பாட்டைப் பரிசோதித்த பிறகு பாட்டுக்காரனைப் பரிசோதித்தார்கள். ஆனால் தாக்குப்பிடித்தது. காரணம் எனக்கு இப்படித் தோன்றுகிறது: எதைப் பாடக் கூடாது என்பது போட்டி தொடங்குமுன்பே அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. மன்னர் வேண்டாம் என்று தெருவில் முடிவாகிவிட்டது. கவிஞர் செய்ய வேண்டியிருந்தது அந்த முடிவுக்கு வார்த்தை கொடுப்பதுதான். ஸ்பெயினில் அப்படி ஒரு முடிவே இல்லை. இல்லாத உடன்பாட்டை 7,000 பேரில் யார் எழுதினாலும் வராது.

6

இனி இலங்கை. இவ்வளவு தூரம் சுற்றி வந்ததே இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான்.

ஆனந்த சமரக்கோன் 1911இல் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம், பின்னாளில் பௌத்தரானார். முப்பதுகளில் சாந்திநிகேதனில் படித்தார். திரும்பி வந்து காலி மகிந்தா கல்லூரியில் இசை ஆசிரியராக இருந்தபோது, 1940இல், 'நமோ நமோ மாதா' என்ற பாட்டை எழுதி மெட்டமைத்தார். நாடு இன்னும் பிரிட்டிஷ் காலனி. யாரும் தேசிய கீதம் கேட்கவில்லை. மாணவர்களுக்கான பாட்டாகத் தொடங்கியது பள்ளிகளில் பரவியது.

1948 சுதந்திரத்தை ஒட்டி லங்கா காந்தர்வ சபா தேசிய கீதப் போட்டி நடத்தியது. வந்தவற்றில் சமரக்கோனின் பாட்டும் ஒன்று. பி.பி. இலங்கசிங்க எழுதி லயனல் எதிரிசிங்க இசையமைத்த பாட்டு இன்னொன்று. ஜெயித்தது இரண்டாவது. ஆனால் அந்த இருவரும் நடுவர் குழுவிலும் இருந்தவர்கள்! போட்டியாளரும் நானே, நடுவரும் நானே. நாடு சும்மா இருக்குமா? ஒரே சர்ச்சை. பரிசு பெற்ற பாட்டை 1948 பிப்ரவரி 4 காலையில் ரேடியோ சிலோன் ஒலிபரப்பியது. ஆனால் அரசு விழாவில் அது பாடப்படவில்லை. சமரக்கோனின் பாட்டும் பாடப்படவில்லை.

1950இல் அப்போதைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன, சமரக்கோனின் பாட்டையே கீதமாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். எட்வின் விஜயரத்ன தலைமையில் குழு அமைத்தார்கள். பல பாட்டுகளைக் கேட்டுவிட்டு, குழு அதையே தேர்ந்தெடுத்தது. வரிகளில் ஒரு சிறிய திருத்தம் தேவைப்பட்டது. அதைச் சமரக்கோனின் சம்மதத்தோடு செய்தார்கள். இந்தச் சம்மதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1951 நவம்பர் 22 அன்று அரசு அதை ஏற்றது. புலவர் மு. நல்லதம்பி தமிழில் பெயர்த்தார். 1952 சுதந்திர தினத்தில் முதன்முறை தேசிய கீதமாகப் பாடப்பட்டது. போட்டியில் தோற்ற பாட்டு, பத்து வருஷம் பள்ளிக்கூடங்களில் ஒலித்த பழக்கத்தால் ஜெயித்தது. மலாயா நிலாப் பாட்டின் அதே கதை.

இங்கே நின்றிருந்தால் நல்ல முடிவு. நிற்கவில்லை.

1952இல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க சுட்டுக்கொல்லப்பட்டார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பேச்சு கிளம்பியது: கீதத்தின் முதலடியில் கணம் சரியில்லை, அந்த எழுத்துகள் அபசகுனம், அதனால்தான் நாட்டுக்கு இத்தனை கேடு.

தமிழ் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நம் பாட்டியல் நூல்களிலும் இதே சங்கதி உண்டு. பிரபந்தத்தின் முதற்சீருக்குப் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று வகுத்தார்கள்: மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம். கடைசியில் வருகிற கணம்தான் கொழும்பில் கிளம்பிய கணமும். பெயர்கூட மாறவில்லை. பாட்டைக் கேட்டே நந்திவர்மன் எரிந்து மாண்டான் என்று நந்திக் கலம்பகத்துக்கு ஒரு கதை கட்டியவர்கள் நாம். சொல்லுக்குக் கொல்லும் சக்தி உண்டு என்று நம்புவதில் கடலின் இரு கரைக்கும் வித்தியாசமில்லை. ஆனால் நம் ஊரில் அது புலவர்களின் சமாச்சாரமாக இருந்தது. கொழும்பில் அது அரசாங்கக் கோப்பில் ஏறியது.

1961 பிப்ரவரியில் முதலடி மாற்றப்பட்டது. 'நமோ நமோ மாதா' போய் 'ஸ்ரீ லங்கா மாதா' வந்தது. சமரக்கோன் அப்போது உயிரோடு இருந்தார். வேண்டாம் என்று சொன்னார். கேட்கவில்லை. பாட்டைச் சிதைத்துவிட்டார்கள் என்ற வேதனை அவரை விடவே இல்லை. 1962 ஏப்ரலில், 51 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

ஒரு மனிதனின் சாவுக்கு ஒரே ஒரு காரணத்தை எழுதிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் எழுதிய மெட்டு நாடு முழுக்க ஒலிக்கும்போதெல்லாம் எடுத்த எடுப்பிலேயே தான் எழுதாத சொல்லை அவர் கேட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் தாண்டிப் போகும்போது கேட்டிருப்பார். ரேடியோவில் கேட்டிருப்பார். எழுந்து நின்று மரியாதையும் செய்திருக்க வேண்டும். சட்டம் அதுதானே?

7

நாட்டுக்குக் கொடுத்த பாட்டை நாடு திருத்தக் கூடாதா என்று கேட்கலாம். திருத்தலாம். மெக்சிகோ ஆறு சரணத்தை விட்டது, நன்றாகத்தான் செய்தது. ஆஸ்திரேலியா மக்கார்மிக்கின் முதலடியில் மைந்தர்களை மட்டும் விளித்ததை 1984இல் எல்லோரையும் விளிப்பதாக ஆக்கியது. 2021 ஜனவரி 1 அன்று இன்னொரு சொல்லையும் மாற்றியது. நாட்டை இளமையானது என்று சொல்லியிருந்த இடத்தில் ஒன்றுபட்டது என்று வந்தது. 60,000 ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் வாழும் மண்ணை இளமையானது என்று பாடுவது சரியா என்ற கேள்விக்கு அது பதில். இவையெல்லாம் காரணத்தோடு செய்த திருத்தங்கள். எழுதியவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கேட்க ஆளில்லை.

சமரக்கோனைக் கேட்டிருக்கலாம். 1951இல் கேட்டார்கள், அவரும் சம்மதித்தார். பிடிவாதக்காரர் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. 1961இல் அவர் முடியாது என்றபோது, எழுதியவன் சொல்லுக்கும் சகுனம் பார்த்தவர்களின் சொல்லுக்கும் நடுவில் அரசு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. பாட்டு நாட்டுக்குச் சொந்தம், சரி. எழுதியவனும் அந்த நாட்டில் ஒருவன்தானே?

இதே கேள்வியின் இன்னொரு பாதி தமிழர்களுடையது. நல்லதம்பியின் தமிழ் வடிவம் அதே மெட்டில் பாடக்கூடியது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலும் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் பள்ளிகளில் பாடினார்கள். ஆனால் 1949க்குப் பிறகு, கொழும்பில் நடக்கும் தேசிய சுதந்திர தின விழாவில் அது ஒலிக்க 2016 பிப்ரவரி 4 வரை ஆனது. அன்றைக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. இவ்வளவு நடந்த பிறகு இந்தப் பாட்டு யாருக்கு வேணும் என்று முகம் திருப்பியவர்களும் உண்டு. இரண்டு பேரையும் எனக்குப் புரிகிறது. 2020இல் மறுபடி விழாவில் அது பாடப்படவில்லை. முதலடியின் எழுத்து நாட்டைக் கெடுக்கும் என்று அத்தனை கவலைப்பட்ட தேசம், குடிமக்களில் ஒரு பகுதியினர் தம் மொழியில் பாட முடியாமல் நிற்பதை அபசகுனமாக எண்ணவில்லை.

உறையில் போட்டு அனுப்புகிறவர்கள் எல்லோரும் பரிசுக்காக மட்டும் அனுப்புவதில்லை. தன் வாய்ச்சொல் ஊர் வாயில் புழங்க வேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசைக்குக் கொடுக்க வேண்டிய விலை பாட்டின் மேலுள்ள பிடியை விடுவது. போகனேக்ராவுக்கும் மக்கார்மிக்குக்கும் அந்தப் பிடி தளர்ந்தது அவர்கள் மறைந்த பிறகு. நைஜீரியாவின் ஐவருக்கு நடுவர் மேஜையிலேயே தளர்ந்தது. சமரக்கோனிடமிருந்து உயிரோடு இருக்கும்போதே பிடுங்கினார்கள். போட்டி வைக்கிறவர்கள் விதிமுறைகளில் பக்க அளவு, கடைசித் தேதி, நடுவர் தீர்ப்பே இறுதியானது என்றெல்லாம் அச்சடிக்கிறார்கள். இன்னும் ஒரு வரி சேர்க்க இடமிருக்கும்: எழுதியவர் இருக்கும்வரை அவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் தொட மாட்டோம்.